'ரு'வில் தொடங்கும் ஏழு பாட்டுகள்

ரயில் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆனபோது ஹிராகுரி தொகுஜி ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் தன் பேச்சும் எடுபட வேண்டும். எல்லா விஷயத்திலும் அல்ல. அவ்வளவு பேராசை அவருக்குக் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் எடுபட்டால் போதும்.

அந்த ஒரு விஷயம் மாடி அறை. ஆறு பாய் விரிக்கும் அளவு, தெற்குப் பார்த்த ஜன்னல். அதில் அவர் மனைவி நொபுயோவின் தையல் மெஷினும், துணி மூட்டைகளும், எதற்கு வைத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாத அட்டைப்பெட்டிகளும் வாடகை இல்லாமல் குடியிருந்தன. தொகுஜிக்கோ அங்கே ஒரு பொம்மை ரயில் பாதை போட வேண்டும். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும், 'மாதிரி' என்று சொல்ல வேண்டும். சுரங்கம், பாலம், தான் தினமும் நின்று போன கடலோர ஸ்டேஷன்கள் அத்தனையும் அளவெடுத்துச் செய்து, மறுபடி தானே ஓட்ட வேண்டும். அறை கிடைக்கும் வரை அவருடைய ரயில் பெட்டிகள் கீழே கூடத்தில் நின்றன. கொதாத்சு மேஜையின் மேல் இரண்டு, அதன் கணப்பு மெத்தைக்கடியில் மூன்று, தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒன்று. அவரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயேதான் இருந்தார்.

"நொபுயோ, அந்த மாடி ரூமைப் பத்தி..."

"ம்ம், பாப்போம்."

நொபுயோ 'பாப்போம்' என்றால் பார்க்க மாட்டாள் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் இது புரியாமல் தொகுஜி ஒரு நாய்க்குட்டிக்காக நாலு வருடம் காத்திருந்தவர்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் பக்கத்து வீட்டு முகாய், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே நுழைந்தார். தபால் இலாகாவில் இருந்தவர். தபால் கொடுப்பதை நிறுத்தினாலும் சேதி கொடுப்பதை நிறுத்தாதவர்.

"தொகு-சான், விஷயம் தெரியுமா? இந்த வருஷக் கடைசி விருந்துல நம்ம தெருச் சங்கத் தலைவர் ததேனோ ஒரு போட்டி வச்சிருக்கார். தலையெழுத்துப் பாட்டு!"

"யார் தலையெழுத்து?"

"கேக்கறவங்க தலையெழுத்துதான். சொல்றேன் கேளுங்க. ஒருத்தர் எழுந்து இன்னொருத்தரைச் சவாலுக்குக் கூப்பிடணும். கூப்பிட்டவர்தான் எழுத்தைச் சொல்லணும். 'கா'ன்னா 'கா'. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி 'கா'வுல ஆரம்பிக்கற பாட்டாப் பாடணும். எவர் திணர்றாரோ அவர் அவுட்டு."

"பாடின பாட்டையே திரும்பப் பாடலாமா?"

"ஐயையோ! அதெப்படி? காலைலேருந்து அந்த ஹால்ல எவர் பாடின பாட்டையும் வேற எவரும் தொடக் கூடாது. எச்சில் பாட்டு. ததேனோவுக்கு மரியாதைதான் முக்கியம், தெரியும்ல. போன வருஷம் தன் பாட்டை இன்னொருத்தர் பாடிட்டார்னு சாப்பிடாமலே எழுந்து போனவராச்சே அவரு."

தொகுஜியின் தலைக்குள் விளக்கு எரிந்தது. சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த நொபுயோவைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. வருடா வருடம் விருந்தன்று அவள் ஹாலின் சமையல்கட்டில் முள்ளங்கியும் முட்டையும் கொதிக்கும் ஓதென் குழம்பு அண்டாவைக் கிளறிக்கொண்டு இருப்பாள். மைக்கை நீட்டினால் கரண்டியை நீட்டுவாள்.

"நொபுயோ! நாம ரெண்டு பேரும் போட்டி போடுவோமா?"

"எதுல? யார் அதிக நேரம் உக்காந்துருக்கறதுங்கறதுலயா?"

முகாய் ஆரஞ்சுச் சுளை தொண்டையில் மாட்டி இருமினார்.

"பாட்டுல. நான் ஜெயிச்சா மாடி ரூம் எனக்கு. இங்கயே முகாய்-சான் சாட்சி."

கத்தி நின்றது. நொபுயோ திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், மேஜைமேல் நின்ற ரயிலைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நான் ஜெயிச்சா?"

"என்ன வேணா கேளு! மறுபேச்சே கிடையாது."

"என்ன வேணாலுமா?"

"ஒரு டிரைவர் வாக்குக் குடுத்தா வண்டி தடம் மாறாது."

"சரிங்க. பந்தயம்னா பந்தயம்," என்று சொல்லிவிட்டு நொபுயோ முள்ளங்கிக்குத் திரும்பினாள். 'பாப்போம்' என்று சொல்லவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டிய மனிதர், சந்தோஷத்தில் ஆரஞ்சைத் தோலோடு கடித்தார்.

மறுநாளே பக்கத்து ஊரில் இருக்கும் கராஓகே கடைக்குப் போய் ஓர் அறை எடுத்தார். பாட்டுப் புத்தகம் தலையணை கனம் இருந்தது. முதல் எழுத்து வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். 'ஆ'வைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் போயிற்று. மழைப் பாட்டு, அம்மா பாட்டு, நாளைக்கு வருவேன் என்று போனவன் பாட்டு. 'ஹா'வுக்குப் போனார். பூவும் வசந்தமும் துறைமுகமுமாக முடிவே இல்லாமல் போயிற்று. 'கா', 'மி', 'யு'... அடேயப்பா, இந்தச் சின்னத் தீவுகளில் இத்தனை பேர் அழுதிருக்கிறார்களா! இத்தனை பேர் காத்திருந்து, இத்தனை பேர் கப்பலேறி, இத்தனை பேர் ஸ்டேஷனில் கைக்குட்டை ஆட்டியிருக்கிறார்களா! தன் வண்டியில் ஏறி இறங்கிய ஜனங்களெல்லாம் இப்படி ஆளுக்கொரு பாட்டைச் சுமந்துகொண்டா போனார்கள் என்று நினைத்தபோது தொகுஜிக்கு மெய் சிலிர்த்தது. கட்டின காசுக்குப் பாடாமல், கால் மணி நேரம் சும்மா பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் 'ரு' வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை.

கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொல் விளையாட்டு விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரியும், 'ரு' ஒரு படுகுழி. அதில் முடியும் சொல் ஆயிரம் உண்டு, தொடங்கும் சொல் கைவிரலுக்குள் அடங்கிவிடும். பாட்டிலும் அதே கதை. அவர் வயதுக்காரர்கள் பாடக்கூடியதாக மொத்தம் ஏழு தேறின. கோப்பையில் ஒட்டின உதட்டுச்சாயத்தைப் பற்றி ஒன்று. மழையில் ஆடும் ரும்பா ஒன்று. நீலக்கல் மாதிரி மின்னும் பறவையைப் பற்றி ஒன்று. மிச்ச நாலும் அழுகை.

ஏழே ஏழு! அத்தனையும் தன் பையில் இருந்தால் நொபுயோ எதை எடுத்துப் பாடுவாள்? முதல் பாட்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடுவாள். தொகுஜி கற்பனையில் அப்போதே மாடி ஜன்னலுக்குக் கீழே பாலம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பயிற்சிக்கு இடம்தான் வேண்டும். வீட்டில் பாடினால் நொபுயோ காதில் விழும். யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த இடம் குளியலறை. வீட்டில் முதல் குளியல் அவருடையது. கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர்ச் சத்தத்தில் கூடத்துக்கு ஒன்றும் கேட்காது. ஆவி முட்டாமல் இருக்கச் சந்துப் பக்கத்து ஜன்னலை மட்டும் நாலு விரல் திறந்து வைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மூளை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு உள்ளே போவார். ஏழு மணிக்கு வெளியே வருவார், உப்பில் ஊறின பிளம் காய் போல.

"ஏங்க, தொட்டிக்குள்ள தூங்கிட்டீங்களோன்னு பாத்தேன்."

"முதுகுவலி. டாக்டர் ஊறச் சொன்னார்."

"டாக்டர் உங்களை ஊறச் சொன்னாரா, ஊறுகாய் போடச் சொன்னாரா? எனக்கு வர்றப்ப வெந்நீர் கஞ்சித்தண்ணி மாதிரி வருது."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ நொபுயோ."

"நான் ஒண்ணும் சொல்லலியே. நல்லா ஊறுங்க. அவசரமே இல்ல," என்றாள் நொபுயோ. அவள் குரலில் இருந்த பிரியத்தைக் கேட்டு அவருக்கே மனசு கொஞ்சம் உறுத்தியது.

மூன்றாம் வாரம் ஊரில் ஒரு அதிசயம் நடக்கத் தொடங்கியது. காலையில் டோஃபு வாங்கப் போனால், டோஃபு கடைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டபடி ரும்பா பாட்டை முணுமுணுத்தார். முகாய் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டே நீலப் பறவையைப் பாடினார். எதிர்வீட்டு அம்மாள் உதட்டுச்சாயம் பாட்டுக்குத் துணி உதறினாள். தொகுஜிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு மனிதன் ஒரு விஷயத்தில் முழு மனசோடு இறங்கினால் காற்றே அவன் பக்கம் வீசும் என்பது இதுதானா! பாட்டுகளே தன்னைத் தேடி வருகின்றன என்று எடுத்துக்கொண்டார். நாலு விரல் ஜன்னல் அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் போகட்டும், அந்த ஜன்னலுக்குக் கீழே சந்தில் மாலை ஐந்தரைக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது.

டிசம்பர் கடைசிக்கு முந்தின ஞாயிறு வந்தது. காலை பதினொரு மணிக்கே தெருச் சங்கத்து ஹால் நிறைந்துவிட்டது. வாசலில் செருப்பு வரிசை, உள்ளே நீள மேஜைகள், ஓதென் வாசனை, சூடு பண்ணின சாகே மது. மூலையில் வாடகைக்கு எடுத்த பாட்டு மெஷின் திரையில் கடல் அலை அடித்துக்கொண்டிருந்தது. தலைவர் ததேனோ கையில் ஒரு பித்தளை மணியோடு எழுந்தார். வளவளவென்று பேசுகிறவர். பேசி முடிக்கும்போது தட்டில் வைத்த ஓதென் முட்டைகள் ஆறிப்போயிருந்தன.

"போட்டி சாப்பாட்டுக்கு அப்புறம்! முதல்ல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சும்மா பாடுவோம். சந்தோஷத்துக்கு!"

தொகுஜி சாய்ந்து உட்கார்ந்தார். பாடட்டும், பாடட்டும், என்னவேண்டுமானாலும் பாடட்டும், தன் சரக்கு பத்திரம். 'ரு'வில் எவன் பாடப் போகிறான்?

முதலில் முகாய் எழுந்தார். மெஷினில் இசை தொடங்கியது. தொகுஜியின் சாகே கிண்ணம் பாதி வழியில் நின்றது. நீலப் பறவை!

'தற்செயல்,' என்று தேற்றிக்கொண்டார். 'ஒண்ணு போனா ஆறு இருக்கு.'

முகாய் கண்ணாடி போடவில்லை, திரையைப் பார்க்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார். இரண்டாம் வரி முடிந்ததும் தலையை அண்ணாந்து ஒரு கூப்பாடு போட்டார்.

"அய்யய்யோ, சுடுதே!"

திரையில் அந்த வரி இல்லை. கூட்டத்தில் யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. மெய்ம்மறந்து தலையாட்டினார்கள். தொகுஜி மட்டும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்த இடத்தில்தான் தினமும் அவர் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார்.

அடுத்து முகாயின் மனைவி மழை ரும்பாவைப் பாடினாள். பாட்டு நடுவில் இரண்டு தரம் தொண்டையைச் செருமி, "சோப்பு எங்க போச்சு" என்று ராகம் மாறாமல் கேட்டாள். டோஃபு கடைக்காரர் உதட்டுச்சாயத்தைப் பாடி, கடைசியில் மூச்சை இழுத்துவிட்டு, தொட்டியில் இறங்குகிறவர் போல "ஹா...ஆ...ஆ" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

தொகுஜி சமையல்கட்டுக்கு ஓடினார்.

"நொபுயோ! இதெல்லாம் உன் வேலையா?"

"எதுங்க?"

"எல்லாரும் என் பாட்... எல்லாரும் ஒரே மாதிரிப் பாட்டு பாடறாங்களே!"

நொபுயோ அண்டாவிலிருந்து ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே. இந்த வருஷம் என்ன பாடறதுன்னு தெரியலன்னு தெருவுல எல்லாரும் கேட்டாங்க. இப்ப வாயில எது வருதோ அதைப் பாடுங்கன்னேன். அவ்வளவுதான். சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க."

அவர் திரும்பி வருவதற்குள் எதிர்வீட்டு அம்மாள் நாலாவதைத் தொடங்கியிருந்தாள். தெருவில் பேங்க் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் ஐந்தாவதைப் பாடினார். ஆறாவதைத் தலைவர் ததேனோவே பாடினார். அவர் வீடு சந்தின் கடைசியில், அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. அவமானமும் பயமும் ஒரு பக்கம் இருந்தாலும், தொகுஜிக்கு இன்னொரு பக்கம் வாய் பிளந்தது. ஒரு மூத்திரச் சந்து அளவு இடத்திலிருந்து தன் குரல் இத்தனை வாய்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதே! அத்தனை வருடம் மைக்கில் ஸ்டேஷன் பெயர் சொன்னபோது ஒருத்தன்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லையே!

சாப்பாடு முடிந்தது. மணி அடித்தது. ததேனோ கூப்பிட்டார்.

"ஹிராகுரி தொகுஜி! சவால் யாருக்கு?"

பின்வாங்கலாம் என்றால் முகாய் ஏற்கெனவே எல்லோரிடமும் பந்தயத்தைச் சொல்லி வைத்திருந்தார். வேறு எழுத்தைச் சொல்லலாம் என்றால், மூன்று வாரமாக வேறு எதையும் பாடாத மூளையில் வேறு எதுவும் மிச்சமில்லை. தொகுஜி எழுந்தார்.

"என் சம்சாரத்துக்கு. எழுத்து... 'ரு'."

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நொபுயோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்களே முதல்ல பாடுங்க. ரொம்ப நாளா ஊறியிருக்கீங்க," என்றாள்.

தொகுஜி ஏழாவது பாட்டைப் பாடினார். தொட்டித் தண்ணீர் ஆறிப்போன பிறகு கடைசியாகப் பாடுவதால் அதில் மட்டும் அவருக்குப் பயிற்சி போதாது. பல் கிடுகிடுக்கும் ஓசையோடுதான் அது சந்துக்குப் போயிருக்கும், அதனாலேயே யாரும் அதைக் கற்கவில்லை. எப்படியோ பாடி முடித்தார். நாலு பேர் தட்டினார்கள். இனி அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளிடம் மட்டும் என்ன இருக்கப் போகிறது? புத்தகத்தில் இருந்ததே ஏழு. ஏழும் எச்சில். அவளும் விழித்தால் ஆட்டம் சமன், அறைக்கு மறுபடி பேசலாம்.

நொபுயோ மைக்கை வாங்கி மேஜைமேல் வைத்தாள். மெஷினை அணைக்கச் சொன்னாள். கண்ணை மூடவில்லை, கையை ஆட்டவில்லை. குழம்பை ருசி பார்க்கிறவள் போல ஒரு கணம் நின்றாள். பிறகு பாடினாள்.

'ருசுபான்' என்று தொடங்கியது அந்தப் பாட்டு. வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிற ஒருத்தியின் பாட்டு. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, அணைக்கிறாள். மறுபடி கொதிக்க வைக்கிறாள். வாசலில் காலடி கேட்கிறது, பக்கத்து வீட்டுக்கு. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் அந்தக் குரல்! கனமாக, அடித்தொண்டையிலிருந்து, எங்கேயும் இழுக்காமல், எங்கேயும் நடுங்காமல் வந்தது. சாப்ஸ்டிக்குகள் கீழே இறங்கின. சாகே ஊற்றிக்கொண்டிருந்தவர் கிண்ணம் நிரம்பி வழிவதைப் பார்க்கவில்லை. தொகுஜிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தக் குரல் என் வீட்டிலேயா இருந்தது? என் துணியை மடித்துக்கொண்டு, எனக்கு மிசோ சூப் ஊற்றிக்கொண்டு, முப்பது வருடமாக என் பக்கத்திலேயா இருந்தது?

ஆனாலும் மாடி அறை மாடி அறைதான். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றார்.

"தலைவரே, இது புத்தகத்துல இல்ல! மெஷின்ல இல்லாத பாட்டு செல்லாது! இவளே கட்டினதா இருந்தா?"

ததேனோ யோசித்தார். அவர் யோசித்து முடிக்கும் முன்பே மூலை மேஜையில் ஒரு கிழவர் அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தைத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு அம்மாள்கள் சேர்ந்துகொண்டார்கள். "ரேடியோவுல போடுவாங்களே, மறந்தே போச்சே!" என்று யாரோ அழுதார்கள். அரை ஹால் பாடியது.

"செல்லும்," என்றார் ததேனோ. "ஹிராகுரி, உம்ம முறை."

மணி ஆடியது. தொகுஜி வாயைத் திறந்தார். உள்ளே ஆவிகூட இல்லை.

"அவுட்டு!"

ஜெயித்தவள் உட்கார்ந்திருக்கலாம். உட்கார விடவில்லை. "இன்னொண்ணு!" என்றார்கள். நொபுயோ இன்னொன்று பாடினாள், 'ரு'விலேயே. அப்புறம் இன்னொன்று. மலைப்பாதை, விதைநெல், தொலைந்த செருப்பு, கப்பல் சங்கு என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எல்லோர் காதிலும் எங்கேயோ கிடந்த பாட்டுகள். அரைப் பக்கம் என்று அவர் நினைத்திருந்த எழுத்துக்குள் இவ்வளவு பெரிய ஊரே இருந்திருக்கிறது. தொகுஜி தோற்றதை மறந்து, பந்தயத்தை மறந்து, கை வலிக்கத் தட்டினார்.

கடைசியில் அவளுக்கு ஒரு கிண்ணம் தேநீர் கொண்டுபோய் நீட்டினார். அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

"எங்க கத்துக்கிட்டே நொபுயோ?"

"நம்ம வீட்டு அடுக்களையிலதான். உங்க கடைசி வண்டி வந்து சேர்ற வரைக்கும் நான் முழிச்சிருக்கணுமே. தூங்கிட்டா சூப்பு ஆறிடும். அதான் ரேடியோவை வச்சுக்கிட்டு, ராத்திரிக்கு ஒரு எழுத்தா எடுத்துக்கிட்டு, அதுல ஆரம்பிக்கற பாட்டா ஞாபகப்படுத்திக்கிட்டு இருப்பேன். பனி பெஞ்சு வண்டி நிக்கற ராத்திரிக்கு 'ரு'வை எடுப்பேன்."

"ஏன் அதுக்கு 'ரு'?"

"அதுலதான் யோசிக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகும். யோசிச்சிட்டு இருந்தா பயம் தெரியாது."

தொகுஜி தலையைக் குனிந்துகொண்டார். பனியில் வண்டி நின்ற ராத்திரிகளில் அவர் எஞ்சினுக்குள் குளிருக்குப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கியிருக்கிறார். இந்தப் பக்கம் ஒருத்தி முழித்துக்கொண்டு பாட்டைத் தேடியிருக்கிறாள்.

"கேளு," என்றார் கடைசியில். "நீதான் ஜெயிச்சே. என்ன வேணும்னாலும் கேளு. ரயிலை எல்லாம் வித்துடச் சொன்னாலும் வித்துடறேன்."

"எதுக்கு விக்கணும்? வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

பொடிப்பனியில் இருவரும் நடந்து வந்தார்கள். பின்னால் முகாய் தம்பதி, எதிர்வீட்டு அம்மாள், இன்னும் நாலைந்து பெண்கள், பாத்திரம் தூக்க உதவிக்கு என்று வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நொபுயோ மாடியைக் காட்டினாள்.

"அந்த ரூமை நீங்களே எடுத்துக்கணும். இதுதான் நான் கேக்கறது."

தொகுஜிக்குக் காதை நம்ப முடியவில்லை. மாடிக்கு ஓடினார். அறை துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. தையல் மெஷின் இல்லை, மூட்டை இல்லை, பெட்டி இல்லை. ஜன்னலருகே நீள மேஜை. அதன்மேல் அவருடைய ரயில் பெட்டிகள் அத்தனையும் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு கணப்பு, ஒரு கெட்டில், தேநீர்ப் பொடி, ஒற்றைக் கோப்பை. மூலையில் அவருடைய படுக்கையும் தலையணையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இதெல்லாம் எப்ப நடந்தது?" என்று மேலிருந்தே கத்தினார்.

"மூட்டையெல்லாம் நீங்க ஊறிட்டு இருந்தப்ப, மிச்சமெல்லாம் காலைல நீங்க ஹாலுக்குக் கிளம்பினதும்," என்று முகாய் கீழிருந்து கத்தினார். "மெஷின் கனமோ கனம், தொகு-சான்! என் இடுப்பே போச்சு!"

"நொபுயோ! அப்ப முதல்லயே குடுத்திருக்கலாமே! எதுக்கு இந்தப் போட்டி?"

"நீங்க ஜெயிச்சு வாங்கியிருந்தா உங்க இஷ்டத்துக்கு மேலயும் கீழயும் போவீங்க. நான் ஜெயிச்சுக் குடுத்தா என் இஷ்டப்படிதானே இருக்கணும்? மறுபேச்சே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்போதுதான் அவர் படிக்கட்டின் உச்சியிலிருந்து கூடத்தை எட்டிப் பார்த்தார். ரயில்கள் போய், துடைத்துப் பளபளவென்று இருந்த கொதாத்சு மேஜையைச் சுற்றித் தெருப் பெண்கள் அத்தனை பேரும் காலை உள்ளே நீட்டி உட்கார்ந்தாயிற்று. அவர் இடத்தில் தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். யாரோ ரேடியோவைத் திருகினார்கள். "இன்னிக்கு என்ன எழுத்து நொபுயோ-சான்?" என்றாள் முகாயின் மனைவி.

தொகுஜி இரண்டு படி இறங்கினார். எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் நின்றார்.

"அப்ப... நான் எப்பத்தான் கீழ வர்றது?"

"சாப்பாடு ஆனதும் பச்சைக்கொடி காட்டறேங்க," என்றாள் நொபுயோ. "அதுவரைக்கும் வண்டி மேலயே நிக்கட்டும்."